இஎன்8 ப்ளேட்டில் டேப் உடைகிறது: லேசரா, வாட்டர்ஜெட்டா?

12 எம்எம் கனத்தில் இஎன்8 (நடுத்தரக் கார்பன் ஸ்டீல்) ப்ளேட், 60 பீஸ். ஒவ்வொன்றிலும் எம்8 டேப் (8 எம்எம் மரை) நான்கு. 6.8 எம்எம் துளையையும் லேசரிலேயே போட்டால் மரை வெட்டும் டேப் உடைகிறது. எம்எஸ்ஸில் (மைல்ட் ஸ்டீல்) இந்தத் தொல்லை இல்லை. வாட்டர்ஜெட்டுக்கு (மணல் கலந்த உயர் அழுத்தத் தண்ணீரில் வெட்டுவது) கொடுக்கலாமா?

•

தம்பி, டேப் மேல் குற்றமில்லை. இஎன்8-இல் கார்பன் சுமார் 0.4 சதவீதம் இருக்கும். லேசர் உருக்கிய ஓரத்தின் சூட்டைச் சுற்றியுள்ள ப்ளேட் நொடியில் இழுத்துவிடும். எண்ணெயில் முக்காமலே டெம்பர் (கடினம்) ஏறி, துளைச் சுவர் மெல்லிய ஓடாக இறுகிவிடும். எம்எஸ்ஸில் கார்பன் குறைவு, அவ்வளவு இறுகாது. வெட்டிய ஓரத்தில் ஒரு ஃபைலை இழுத்துப் பாருங்கள். கடிக்காமல் கண்ணாடிமேல் போவதுபோல் வழுக்கினால் டேப் போடவே வேண்டாம்.

அதோடு 12 கனத்தில் 6.8 துளை லேசருக்கு நெருக்கடி. துளை விட்டம் கனத்துக்குக் குறையாமல் இருந்தால்தான் நிம்மதி. இல்லாவிட்டால் அடியில் கசடு ஒட்டும், மேலும் கீழும் அளவு ஒத்துவராது.

இதற்காக வாட்டர்ஜெட் வேண்டியதில்லை, காசும் அதிகம். வெளி வடிவம் மட்டும் லேசரில். துளை மையத்தை மேலோட்டமாக மார்க் பண்ணச் சொல்லுங்கள், பியர்ஸ் (ஊடுருவித் துளைப்பது) கூடாது. பியர்ஸ் பண்ணினால் அந்த இடமும் இறுகி டிரில் முனையைத் தின்றுவிடும். பிறகு 6.8 டிரில், டேப்.

•

அண்ணன் சொன்னதே சரி. ஏற்கெனவே ஹார்டனிங் ஆன ப்ளேட், ஸ்பிரிங் ஸ்டீல் என்றால் மட்டும் யோசிக்காமல் வாட்டர்ஜெட். சூடு படாது, டெம்பர் இறங்காது. கல், கண்ணாடிக்கும் அதுதான். டஃபன்ட் கண்ணாடியை மட்டும் எதிலும் வெட்ட முடியாது, தொட்டதும் பொடியாகும். வெட்டிய பிறகுதான் டஃபன் பண்ண வேண்டும்.

கார்பன் ஃபைபர் ஷீட்டில் லேசர் பட்டால் ரெசின் (இழைகளைப் பிணைக்கும் பசை) கருகும். வாட்டர்ஜெட்டிலும் ஒரு கண்ணி இருக்கிறது: பியர்ஸ் ஆகும்போது கார்னெட் (வெட்டும் மணல்) வந்து சேருவதற்குள் 4,000 பார் அளவில் வெறும் தண்ணீர் அடித்தால், அடுக்குகளுக்குள் புகுந்து பிளந்துவிடும். மேலே பார்த்தால் சின்னக் கொப்புளம்தான், உள்ளே விரல் அகலத்துக்குப் பிரிந்திருக்கும். தொடக்கத் துளையை டிரில்லில் போட்டுக் கொடுங்கள், அல்லது கழிவுப் பகுதியில் குறைந்த அழுத்தத்தில் பியர்ஸ் பண்ணச் சொல்லுங்கள்.

வாட்டர்ஜெட்டை வேகமாக ஓட்டினால் ஓரம் சரியும், மேலே வாய் அகன்று அடியில் குறுகும். ஸ்லாட்டில் பின் (முளை) உட்கார வேண்டுமென்றால் வேகத்தைக் குறைக்கச் சொல்லுங்கள், இல்லை தலை சாயும் மெஷினைத் தேடுங்கள். எம்எஸ் என்றால் அன்றே துடைத்து எண்ணெய் பூசுங்கள். விட்டால் மறுநாள் காலையில் செம்மண் நிறம்.

•

பிவிசி ஷீட்டை லேசரில் ஏற்றிவிடாதீர்கள். குளோரின் கலந்த அமிலப் புகை வரும். மூச்சுக்கும் கேடு, லென்ஸும் ரெயிலும் அரித்துப்போகும். அக்ரிலிக் என்றால் சிஓ2 லேசர்தான், ஓரம் பாலிஷ் போட்டதுபோல் வரும். வாட்டர்ஜெட்டில் அதே ஓரம் மங்கலாக இருக்கும்.

எம்எஸ்ஸுக்குப் பவுடர் கோட்டிங் உண்டா என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். ஆக்ஸிஜனில் வெட்டினால் ஓரத்தில் கருநீல ஆக்ஸைடு படியும், பெயின்ட் அதோடு சேர்ந்து உரிந்து வரும். மெல்லிய ஷீட் என்றால் நைட்ரஜனில் வெட்டலாம். கனமான ப்ளேட்டின் ஓரத்தைக் கிரைண்ட் பண்ணிய பிறகுதான் பெயின்டுக்கு அனுப்ப வேண்டும்.