சைக்கிளில் சா கலோப்ரா மலைச்சாலை ஏற்றத்துக்கு 11-28 கேசட் (பின்சக்கரப் பல்சக்கரத் தொகுதி) போதுமா?

கேள்வி: ஸ்பெயினின் மயோர்க்கா தீவில் பொயென்சா ஊரிலிருந்து சா கலோப்ரா போய்த் திரும்பத் திட்டம். பல் எண்ணிக்கை முன்னால் 50/34, பின்னால் 11 முதல் 28 வரை. சமாளிக்குமா?

மலைமிதி: முழங்கால் திட்டும். ஏற்றம் சுமார் 9.5 கி.மீ., சராசரிச் சாய்வு 7%. பின்னால் பெரிய சக்கரம் 32 பல் இருக்கிற கேசட் போடுங்க. டீரெய்லர் (பின்னாடி கியர் மாத்துற கருவி) ஷார்ட் கேஜ், அதாவது குட்டைக் கை உள்ளதுன்னா 32 ஏறுமான்னு முதல்ல பாருங்க. செயினும் நீளமா வேணும்.

செயின்ரிங்: அங்கே இறக்கம்தான் முதல்ல, அதே சாலையில்தான் திரும்பி ஏறணும். சக்கர ரிம் கார்பன்னா, ரிம்மைப் பிடிக்கிற பிரேக்கை அழுத்திப் பிடிச்சுக்கிட்டே இறங்காதீங்க. சூட்டுல டியூப் வெடிக்கும். வளைவுக்கு முன்னாடியே வேகத்தைக் குறைச்சு, உள்ளே போனதும் பிரேக்கை விட்டுடுங்க. சாலை தன் அடியிலேயே நுழையுற 'டை முடிச்சு' வளைவுல மட்டும் நின்னு பாருங்க, தப்பில்லை.

காலைக்காற்று: விடியும்போதே கிளம்புங்க. தாமதிச்சா டூரிஸ்ட் பஸ்கள் கொண்டை ஊசியை அடைச்சிடும். வழியில யுக் மடாலயத்துப் பக்கத்து பெட்ரோல் பங்க்கில் தண்ணி நிரப்பிக்குங்க. ஊருக்கு வெளியே ஹெல்மெட் சட்டப்படி கட்டாயம்.