ஷேல் எண்ணெயை நம்பி இரண்டாவது லொறி எடுக்கலாமா?

கேள்வி (அட்டன்)

நுவரெலியாவிலிருந்து கொழும்புக்கு மரக்கறி ஏற்றும் லொறி ஒன்றை வைத்திருக்கிறேன். இன்னொன்றை லீசிங்கில் எடுக்குமாறு வீட்டார் வற்புறுத்துகின்றனர். அமெரிக்காவில் ஷேல் எனப்படும் இறுகிய களிமண் பாறையிலிருந்து எண்ணெய் வற்றாமல் வருவதால் இனிப் பல பத்தாண்டுகளுக்கு டீசல் விலை ஏறாது என்று, அத்துறையினர் முதலீட்டாளர்களுக்காக வெளியிட்ட காணொளியைக் காட்டி மைத்துனர் உறுதியாகச் சொல்கிறார். 2022 இல் எரிபொருள் வரிசையில் மூன்று இரவுகள் லொறிக்குள்ளேயே உறங்கிய எனக்கு அதில் நம்பிக்கை பிறக்கவில்லை; மறுத்துப் பேசவும் விபரம் போதவில்லை. அறிந்தவர்கள் விளக்குவீர்களா?

பதில் 1 (தலவாக்கலை, புவியியல் ஆசிரியர்)

உங்கள் ஐயம் நியாயமானது. ஷேல் பாறையில் எண்ணெய் தானாக ஊறி வருவதில்லை; கிடையாகத் துளையிட்டு, நீரையும் மணலையும் பேரழுத்தத்தில் செலுத்திப் பாறையில் வெடிப்புகளை உண்டாக்கினால், அந்த வெடிப்புகளை ஒட்டியுள்ள எண்ணெய் மட்டும் வேகமாக வெளியேறும். ஆகவே ஒரு கிணற்றின் வரத்து முதல் ஆண்டு முடிவதற்குள்ளேயே பெரும்பாலும் பாதிக்கும் கீழே விழுந்துவிடுகிறது. மழை பெய்து ஓய்ந்த வாரத்தில் பறித்த கொழுந்தின் நிறையை 52 ஆல் பெருக்கி, இதுதான் இந்த மலையின் வருட விளைச்சல் என்று நம் கங்காணிமார் எவரும் சொல்லமாட்டார்கள். காணொளிகளில் காட்டப்படுவதோ அந்த முதல் மாதங்களின் வரத்துதான்.

மதிப்பீடுகளும் அப்படியே. கலிஃபோர்னியாவின் மொன்டரே ஷேலில் 13.7 பில்லியன் பரல் எடுக்கலாம் என்று கணித்திருந்த அமெரிக்க எரிசக்தித் தகவல் நிர்வாகம், 2014 மே மாதத்தில் அதை 0.6 பில்லியனாகக் குறைத்தது. நூற்றுக்கு 96 பங்கு காகிதத்திலேயே மறைந்துபோனது. போலந்தின் ஷேல் வாயுவைத் தேடிச் சென்ற பெரிய நிறுவனங்களும் சில ஆண்டுகளில் வெளியேறின.

பதில் 2 (பண்டாரவளை)

ஆசிரியர் ஐயா சொல்வதை ஏற்கிறேன், ஆனால் ஒன்றைச் சேர்க்க வேண்டும். 2008 இல் நாளொன்றுக்கு ஏறக்குறைய 5 மில்லியன் பரலாக இருந்த அமெரிக்க மசகெண்ணெய் உற்பத்தி, 2023 இல் 13 மில்லியனை நெருங்கியது. விரைவில் சரியும் என்று எதிர்வுகூறியவர்களும் தவறினார்கள். எண்ணெய் மெய்யாகவே வந்திருக்கிறது. அதை மறுத்தால் உங்கள் மைத்துனர் நம் மற்ற வாதங்களையும் தள்ளிவிடுவார்.

பதில் 1 தொடர்ச்சி (தலவாக்கலை)

நண்பர் சுட்டியது சரி, அளவை நான் மறுக்கவில்லை. அது எப்படிப் பெறப்படுகிறது என்பதே என் கவலை. பழைய கிணறுகள் இவ்வளவு விரைவாகத் தளர்வதால், உற்பத்தியை அதே மட்டத்தில் வைத்திருக்கவே ஓயாது புதிய கிணறுகளைத் தோண்ட வேண்டும். அதற்கு எண்ணெய் நல்ல விலைக்கு விற்க வேண்டும். 2014 நடுப்பகுதியில் 100 டொலருக்கு மேலிருந்த விலை 2016 தொடக்கத்தில் 30 டொலருக்கும் கீழே இறங்கியபோது, 1,600 அளவில் இருந்த அமெரிக்க எண்ணெய்த் துளையிடு கருவிகளில் 316 மட்டுமே வேலையில் எஞ்சின, உற்பத்தியும் குறைந்தது. 2020 இல் விலை மீண்டும் வீழ்ந்தபோது வைட்டிங், செசபீக் போன்ற நிறுவனங்கள் வங்குரோத்துப் பாதுகாப்புக் கோரின. மலிவு விலை நீடித்தால் ஷேல் எண்ணெய் தொடர்ந்து வராது. ஷேல் எண்ணெய் தொடர்ந்து வர வேண்டுமானால் விலை மலிவாக இருக்க முடியாது. இரண்டும் சேர்ந்தே கிடைக்கும் என்ற வாக்குறுதியைத்தான் நான் நம்பவில்லை.

நம் நாட்டுக்கு இன்னொரு கணக்கும் உண்டு. நீங்கள் வரிசையில் நின்ற 2022 இல் அமெரிக்கா நாளொன்றுக்கு 11 மில்லியன் பரலுக்கு மேல் எடுத்துக்கொண்டிருந்தது; நம்மிடம் அதை வாங்க டொலர் இருக்கவில்லை. 2021 டிசம்பரில் 121 ரூபாவாக இருந்த ஒரு லீற்றர் டீசல் அடுத்த ஜூனில் 460 ரூபாவானது.

கேள்வி கேட்டவர் (அட்டன்)

இருவருக்கும் மிக்க நன்றி. ஒரு லீற்றர் 460 ரூபா என்று வைத்து, இரண்டாவது லொறியின் மாதத் தவணையை இன்றிரவு மைத்துனருடன் உட்கார்ந்து கணக்கிடப் போகிறேன். அந்த விலையிலும் தவணை கட்ட முடிந்தால் மட்டுமே கையொப்பமிடுவேன்.