கலைச்சொல்: தனியாகப் படம்பிடிப்பவர் தன் இடத்தில் நிறுத்தும் கம்புக்கு என்ன பெயர்?

காரைக்குடி, திங்கள் காலை

குழுவினருக்கு வணக்கம். மாணவர்களுக்கான 'ஒற்றை ஆளாய்ப் படம்பிடித்தல்' கையேடு புதன்கிழமை அச்சகத்துக்குப் போகிறது. கேமரா, லென்ஸ், ஃபோகஸ் எல்லாம் அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். அதற்கு இப்போது சண்டை வேண்டாம். நான்காம் பக்கத்தில் 'ஸ்டாண்ட்-இன்' வருகிறது. நடிகர் வருமுன் அவர் இடத்தில் நின்று, ஒளியும் ஃபோகஸும் சரிபார்க்க உதவும் ஆள். தன்னைத் தானே பிடிப்பவருக்கு ஆளேது? கம்பையோ விளக்குத் தாங்கியையோ நிறுத்திவைக்கிறார். பதினோரு இடத்தில் வரும் சொல். ஒன்றே ஒன்று சொல்லுங்கள். செல்ஃபிக்குத் தாமியா, தம்படமா, சுயமியா என்று இழுத்ததுபோல் இதையும் இழுத்துவிடாதீர்கள்.

தேவகோட்டை ரஸ்தா, திங்கள் காலை

ஆச்சி, யாராவது 'பதிலாள்' என்று எழுதுமுன் நான் முந்திக்கொள்கிறேன். 'பதில்' நம் சொல் இல்லை. அரபி 'பதல்' உருதுவழி வந்தது. மாற்று + ஆள் = மாற்றாள். இரண்டு பக்கமும் தமிழ். முடிந்தது.

பள்ளத்தூர், திங்கள் நண்பகல்

ஐயா, முடியவில்லை. மாற்றாள் என்றால் சக்களத்தி. "மாற்றாளை எதிரே நிறுத்திக் கண்ணைக் கூர்ந்து பார்க்கவும்" என்று நான்காம் பக்கத்தில் அச்சடித்தால் வகுப்பு அன்றைக்கு அதோடு சரி. ஆண்பாலுக்குப் போனாலும் தப்ப வழியில்லை, மாற்றான் என்றால் பகைவன்.

கானாடுகாத்தான், திங்கள் மாலை

பெயர் வைக்குமுன் அந்தக் கம்பு செய்யும் வேலையைப் பார்த்துவிடலாம். கையேட்டின் வரைவில் அது போதாமல் இருக்கிறது.

முகம் மட்டும் துலங்கி, பின்னால் வளவின் (வீட்டு உள்முற்றத்தின்) தூண்கள் கரைந்து நின்றால்தான் பார்ப்பவர் 'சினிமா மாதிரி' என்கிறார். அதற்கு லென்ஸின் துளையை அகலத் திறக்க வேண்டும். துளையின் அளவை எஃப் எண்ணால் சொல்வார்கள், எண் சிறுத்தால் துளை அகலம். ஃபுல்ஃபிரேம் (பெரிய சென்சார்) கேமரா, 50 மி.மீ. லென்ஸ், 2 மீட்டர் தூரம், எஃப் 1.8 என்றால் துலக்கமாக விழும் ஆழம் முன்னும் பின்னும் சேர்த்து ஏறக்குறைய 17 செ.மீ.தான். எஃப் 2.8-இல் 27, எஃப் 4-இல் 38. புதிதாகத் தொடங்குபவருக்கு 2.8 சொல்லுங்கள். 1.8-இல் பேச்சு சுவாரசியத்தில் கொஞ்சம் முன்னால் சாய்ந்தாலே கண் மங்கிவிடும்.

தாங்கியின் தலையில் ஓர் அட்டை, அதன்மேல் நாளிதழ்த் தாள். அட்டையின் நடு உங்கள் கண்மட்டத்தில் இருக்க வேண்டும், உச்சந்தலை மட்டத்தில் அல்ல. அச்செழுத்து ஃபோகஸுக்கு, தள்ளி நின்று பார்த்தால் தாள் சாம்பலாகத் தெரிவது எக்ஸ்போஷருக்கு, அதாவது வெளிச்ச அளவுக்கு. வெள்ளைத் துண்டைப் போர்த்திவிட்டால் வெளிச்சம் மிஞ்சிவிட்டதாகக் கேமரா எண்ணிக் குறைத்துவிடும். அப்புறம் நீங்கள் போய் நின்றால் முகம் கருத்துக் கிடக்கும். திரையைப் பத்து மடங்கு பெரிதாக்கி எழுத்தில் ஃபோகஸ் பிடித்து, கேமரா தானாக ஃபோகஸை மாற்றாதபடி உடனே மேனுவலுக்கு மாற்றுங்கள். அதற்குப் பிறகு ஜூமைத் தொடவே கூடாது. கேமரா தானாக அணையும் ஆட்டோ பவர் ஆஃபையும் நிறுத்திவிடுங்கள். பல மிரர்லெஸ் லென்ஸ்கள் அணைந்து எழுந்தால் பிடித்த ஃபோகஸை மறந்துவிடும்.

பிறகு அட்டையிலிருந்து தரைக்குத் தூக்குக்குண்டு விடுங்கள். குண்டு தொடுமிடத்தில் பேப்பர் டேப். வரைவில் 'கால்விரல் டேப்பில் பட நிற்கவும்' என்றிருக்கிறது, தவறு. நிமிர்ந்து நிற்கும்போது கண் விரல்நுனிக்கு நாலு விரற்கடை பின்னால் இருக்கும். டேப் பாதத்தின் நடுவில் வர வேண்டும். தரை பாழாகுமென்று டேப் ஒட்டாமல் 'தூணிலிருந்து ஐந்தாவது கல்' என்று எண்ணி வைப்பவர்களும் உண்டு. ஆத்தங்குடிக் கல்லில் (நம் வீடுகளின் பூவேலைத் தரை ஓட்டில்) ஒரே பூதான் வரிசையாய் வரும். எட்டங்குலக் கல்லில் ஒன்று தவறினால் 20 செ.மீ. போயிற்று, மேலே சொன்ன 17-ஐத் தாண்டிவிட்டது. அந்தச் சிவப்புக் கல்லில் வெயில் பட்டால் தாடையின் அடிப்பக்கம் செம்மை ஏறும். அதைக் கம்பு காட்டாது, கையை நீட்டிப் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

தேவகோட்டை ரஸ்தா, திங்கள் இரவு

தம்பி சொன்னதெல்லாம் சரி. சொல்லுக்கு வருவோம். ஒன்றன் பெயர் இன்னொன்றுக்கு ஆகிவருவது ஆகுபெயர். ஓர் ஆளுக்கு ஆகி நிற்பது 'ஆகு ஆள்'. வினைத்தொகை, கச்சிதம்.

பள்ளத்தூர், திங்கள் இரவு

ஐயா, புணர்த்திப் பாருங்கள். 'ஆகு' நெடில்தொடர்க் குற்றியலுகரம். உயிர் வந்தால் உகரம் போய்விடும். ஆகு + ஆள் = ஆகாள். அது எதிர்மறை வினைமுற்று, அவள் ஆகமாட்டாள் என்று பொருள். பிள்ளைகள் கம்பை நிறுத்திவிட்டு அது ஆகாது என்று படிப்பார்கள்.

ஆளுக்குப் பதில் நிற்பதற்குத் தமிழில், போரில் இறந்த வீரருக்கு நடும் நடுகல்லை விட மூத்தது எது? என்னைமுன் நின்று 'கல்நின் றவர்' என்று குறள் 771 முடிகிறதே, அங்கே 'நின்றவர்' யார், மனிதரா கல்லா? இரண்டும். தொல்காப்பியம் காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுகல் என்று படிமுறை வகுக்கிறது. தம்பி மேலே எழுதியதும் கிட்டத்தட்ட அதுவே: இடம் பார்த்தல், கால் நாட்டல். 'நடுகால்' என்று வைக்கலாம்.

காரைக்குடி, செவ்வாய் காலை

ஆச்சி, அழகுதான். ஆனால் செத்தவருக்கு நட்டதை உயிரோடு இருப்பவர் தனக்கே நட்டுக்கொள்வதா? பெற்றவர்கள் கையேட்டைப் பார்ப்பார்கள்.

கோட்டையூர், செவ்வாய் காலை

வெளியே போவானேன்? நம் நகரத்தாரின் பர்மா வட்டிக்கடைகளில் மேலாளுக்கு அடுத்து நின்றவர் 'அடுத்தாள்', அவருக்குக் கீழே பெட்டியடிப் பையன். மேலாள் வெளியே போனால் கடையைப் பார்த்துக்கொண்டது யார்? ஊர்ப்பெரியவர்களுக்கு விளக்கமே தேவைப்படாத சொல்.

கானாடுகாத்தான், செவ்வாய் நண்பகல்

பெரியவர்களுக்குத் தேவைப்படாது, படிக்கப்போவது பத்தொன்பது வயது. தவிர, அடுத்தாள் பக்கத்தில் நிற்பவர். கம்பு நிற்பது என் இடத்திலேயே. 'அடுத்தாளை வைத்து' என்று படித்துவிட்டுக் கம்பை ஓரடி தள்ளி நட்டால் ஃபோகஸ் அங்கேயே நிற்கும்.

புதுவயல், செவ்வாய் நண்பகல்

'குறியாள்'? நிற்கும் இடத்தைக் குறிப்பதால்.

பள்ளத்தூர், செவ்வாய் நண்பகல்

மாணவர் விடுதியில் அந்தச் சொல்லின் முதல் பாதி மட்டும்தான் நிற்கும். வேண்டாம்.

தேவகோட்டை ரஸ்தா, செவ்வாய் மாலை

இங்கே படம் எடுப்பது புதிதில்லை. 1947-இல் வந்த 'நாம் இருவர்' எங்கள் ரஸ்தாவில் ஏவி.எம். கொட்டகை போட்டிருந்தபோது எடுத்ததுதான். அப்படிப்பட்ட ஊரிலிருந்து வெளிவரும் கையேட்டில் அரபிச் சொல் வர வேண்டுமா?

கோட்டையூர், செவ்வாய் மாலை

அண்ணே, 'ரஸ்தா' பாரசீகம்.

தேவகோட்டை ரஸ்தா, செவ்வாய் மாலை

ஊர்ப்பெயர் வேறு, கலைச்சொல் வேறு.

கானாடுகாத்தான், செவ்வாய் இரவு

ஊரணியில் தண்ணீர் எவ்வளவு என்றால் 'ஓர் ஆள் மட்டம்' என்கிறோம். அந்தக் கம்பும் ஆளின் மட்டத்தைக் காட்டுவதற்காகவே நிற்கிறது. 'ஆள்மட்டக் கம்பு', சுருக்கினால் 'ஆள்கம்பு'. கண்மட்டத்தில் வை என்ற கட்டளையும் பெயருக்குள்ளேயே இருக்கிறது. கைபேசியில் பிடிப்பவருக்கும் பொருந்தும்: கம்பின் தாளைத் திரையில் அழுத்திப் பிடித்து ஃபோகஸையும் வெளிச்சத்தையும் பூட்டிவிட்டுப் போய் நிற்கலாம்.

ஆச்சி, ஒன்று விட்டுப்போயிற்று. முற்றத்து வெயிலில் பிடித்தால், லென்ஸுக்குள் போகும் வெளிச்சத்தைக் குறைக்கும் என்டி 64 வடிகட்டி வேண்டும். நொடிக்கு 25 ஃபிரேம், ஷட்டர் 1/50 நொடி, ஐஎஸ்ஓ (ஒளியுணர்திறன்) 100 என்று வைத்தால் உச்சிவெயில் எஃப் 22 கேட்கும். அதை 2.8-க்கு இறக்க ஆறு ஸ்டாப், அதாவது வெளிச்சத்தை ஆறு முறை பாதியாக்க வேண்டும். வடிகட்டி இல்லாதவர் ஷட்டரை ஏற்றிச் சமாளித்தால் கையசைவு வெட்டி வெட்டித் தெரியும். அதோடு, ஃபோகஸ் பிடித்த பிறகு வடிகட்டியைத் திருகி மாட்டாதீர்கள், லென்ஸின் ஃபோகஸ் வளையமும் சேர்ந்து திரும்பிவிடலாம். முதலில் வடிகட்டி, பிறகு கம்பு.

பள்ளத்தூர், செவ்வாய் இரவு

ஆள்கம்பில் ஆள் இல்லையே? கம்பு மட்டும்தான் இருக்கிறது. நண்பர் ஒருவர் வந்து நின்றால் அவரைக் கம்பு என்பீர்களா?

காரைக்குடி, புதன் காலை

அச்சகத்திலிருந்து இரண்டு முறை கேட்டுவிட்டார்கள். எண்ணிப் பார்த்தேன்: ஆள்கம்புக்கு மூன்று பேர், பதிலாளுக்கு இரண்டு, நடுகாலுக்கு ஒன்று, எதுவும் வேண்டாம் என்று ரஸ்தா ஐயா. கம்போ தாங்கியோ நிற்கும் ஒன்பது இடத்தில் 'ஆள்கம்பு'. நண்பர் நிற்கும் இரண்டு இடத்தில் 'பதிலாள்'. பாதத்தின் நடுவில் டேப் என்று திருத்திவிட்டேன். வடிகட்டிப் பத்தி ஐந்தாம் பக்கத்தில் சேர்ந்துவிட்டது.

தேவகோட்டை ரஸ்தா, புதன் காலை

அந்த இரண்டு இடத்தில் மட்டும் 'துணையாள்' என்று போட்டிருக்கலாம், கேட்க எனக்கு நேரம் தரவில்லை. என் படியில் பேனாவால் அடித்துத் திருத்திக்கொள்கிறேன்.