‘டிசைரஸ்’ என்று எழுதினால் தப்பா?

இடமாற்றம் கேட்டவன்: விண்ணப்பத்தில் ‘ஐ ஆம் டிசைரஸ் டு கெட் எ டிரான்ஸ்ஃபர்’ என்று எழுதினேன். மேலாளர் சிவப்பு மையில் சுழித்துவிட்டு, “‘ஐ விஷ் டு’ போதாதா தம்பி?” என்றார். விருப்பமுள்ள என்றுதானே பொருள், என்ன தப்பு?

பழைய டைப்ரைட்டர்: சொல் சரி, ‘டு’தான் இடிக்கிறது. இன்றைய வழக்கில் ‘டிசைரஸ் ஆஃப் கெட்டிங்’ என்றுதான் வரும். டெண்டர் அறிவிப்பிலும் ஒப்பந்த முன்னுரையிலும் புழங்குகிற சொல் அது. அலுவலகக் கடிதத்துக்கு ஒரு கெத்து வேண்டாமா?

கருப்பட்டி: என்ன கெத்து சார்? 2005 தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 6ஆம் பிரிவைப் பாருங்கள், தகவல் பெற விரும்புகிறவரைப் பற்றிச் சொல்லும்போது ‘டிசையர்ஸ் டு அப்டெய்ன்’ என்று சாதாரண வினைச்சொல்லோடு முடித்துவிட்டார்கள். சட்டத்துக்கே தேவைப்படாத ஜிகினா ஒரு இடமாற்றத்துக்கு எதற்கு?

பழைய டைப்ரைட்டர்: கல்யாணப் பத்திரிகையில் ‘தங்கள் நல்வரவை விரும்பும்’ என்று அச்சடிக்கிறோம், அதையே கொண்டுபோய்க் கொடுக்கும்போது “அவசியம் வந்துடுங்க அத்தை” என்கிறோம். இரண்டும் தேவைதான்.

கருப்பட்டி: அது சடங்கு, இது காரியம். ரெண்டையும் குழப்பாதீர்கள்.

ஓரமாய் நிற்பவள்: ‘டு’ முழுத்தப்பு என்று அடித்துச் சொல்லிவிட முடியாது. 1611 கிங் ஜேம்ஸ் பைபிளில் யோவான் 16:19இல் ‘டிசைரஸ் டு ஆஸ்க்’ இருக்கிறது, கலாத்தியர் 5:26இல் ‘டிசைரஸ் ஆஃப்’. இன்றைக்கு எழுதினால் பழசாகத் தெரியும், அவ்வளவுதான். எனக்குப் பயம் வேறு இடத்தில். எங்கள் அலுவலகத்துக்கு வந்த விண்ணப்பம் ஒன்றில் ‘ஐ ஆம் டிசைரபிள் ஆஃப் திஸ் போஸ்ட்’ என்று இருந்தது! விரும்புகிற ஆள் டிசைரஸ், விரும்பத்தக்கது டிசைரபிள். யூபிஎஸ்சி விளம்பரத்தில் கட்டாயத் தகுதிக்குக் கீழே ‘டிசைரபிள்’ என்று போடுவார்களே, இருந்தால் நல்லது என்கிற தகுதி, அதே சொல்தான். பாவம், அந்தப் பையன் தன்னைத்தானே புகழ்ந்துகொண்டான்.

கருப்பட்டி: இதைத்தானே நானும் சொல்கிறேன். ‘விஷ்’ என்று எழுதியிருந்தால் இந்த வம்பு வந்திருக்குமா?

பழைய டைப்ரைட்டர்: கால் இடறும் என்று படியையே இடிப்பீர்களா?

இடமாற்றம் கேட்டவன்: சண்டை வேண்டாம், ‘ஐ விஷ் டு’ என்று மாற்றிக் கொடுத்துவிட்டேன். இங்கிலீஷ் இப்போது நன்றாக இருக்கிறதாம். என் இடத்துக்கு ஆள் கிடைத்தால் பார்க்கலாம் என்கிறார்.