மூன்று நிமிட மணல் கடிகாரம்

பழையகை: "பயிற்சி எடுக்காமல் வீட்டில் பிறர் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்பவர்கள் வெறும் காவல்காரர்கள், குழந்தையின் சமூகத் திறனை வளர்க்கத் தெரியாதவர்கள்" என்று நேற்று நூல்வண்டு எழுதியிருந்தார். பதினான்கு வருடமாகப் பார்க்கிறேன் ஐயா. அந்தப் பயிற்சிக்கும் போனேன். பொம்மைக்குச் சண்டை வந்தால் கவிழ்த்து வைக்கச் சொல்லி ஒரு மூன்று நிமிட மணல் கடிகாரம் கொடுத்தார்கள். என் வீட்டு இரண்டு வயதுப் பயல் கடிகாரத்துக்கே சண்டை போட்டான்!

மௌனராகம்: சமூகத் திறன் என்று எதைச் சொல்கிறீர்கள் இருவரும்?

நூல்வண்டு: கடிகாரத்தை விடுங்கள். அந்த வயதில் பக்கத்தில் உட்கார்ந்து தனித்தனியாகத்தான் விளையாடுவார்கள் என்று, பிள்ளைகளின் விளையாட்டை ஆராய்ந்த மில்ட்ரட் பார்ட்டன் 1932-லேயே எழுதிவிட்டார். அதட்டாமல், "உனக்குக் கோபம், அவளுக்கும் அதே வண்டிதான் வேண்டும்" என்று எடுத்துச் சொல்லப் பழக வேண்டாமா?

பழையகை: 1932-இல் மணல் கடிகாரம் பற்றி எழுதினாரா? ஒரே மாதிரி இரண்டு வண்டி வாங்கி வைத்தால் பாதிச் சண்டை அடங்கிவிடும். இதற்குச் சான்றிதழ் வேறு.

இரட்டையர்அப்பா: எங்கள் பையனைக் கடித்த பிள்ளையை "சாரி சொல்லு" என்று பிடித்து நிறுத்தினார்கள். சொல்லிவிட்டு மறுபடியும் கடித்தது. பயிற்சி கட்டாயம் தேவை.

பழையகை: பிள்ளையைத் தினமும் தாமதமாக வந்து கூட்டிப்போகும் அப்பாக்களுக்கும் ஒரு கடிகாரம் தேவை.

இரட்டையர்அப்பா: என்னைச் சொல்கிறீர்களா? போன மாதம் நடைவண்டி பற்றிய விவாத இழையிலும் இப்படித்தான் வம்புக்கு வந்தீர்கள்.

சின்னவாசல்: சரி, பயிற்சி நாளில் என் பிள்ளைகளை யார் பார்ப்பது? கதவைச் சாத்தினால் அன்றைய வருமானம் போச்சு. ஒன்பது மாதக் கைக்குழந்தை, நாலு வயதுப் பிள்ளை, நடுவில் நான் ஒருத்தி. அங்கே காட்டியதெல்லாம் ஒரே வயதுப் பிள்ளைகள் நிறைந்த வகுப்பறை. யாராவது வீட்டுக்கே வந்து, பார்த்துச் சொல்லிக்கொடுத்தால் கற்றுக்கொள்ள மாட்டேனா?

நூல்வண்டு: செர்ன்யாக், குஷ்னிர் என்ற ஆய்வாளர்களின் 2013 ஆய்வைப் படியுங்கள். தாங்களே வைத்துக்கொள்ளக்கூடியதைத் தாங்களாகவே விரும்பிக் கொடுத்த பிள்ளைகள், சொன்னதற்காகக் கொடுத்தவர்களைவிட அடுத்த முறை கூடுதலாகக் கொடுத்தார்கள்.

பழையகை: அவர்கள் மூன்று, நான்கு வயதுப் பிள்ளைகள். நான் கேட்டது இரண்டு வயது. கேட்டது கடிகாரம்.

நூல்வண்டு: படித்துவிட்டுத்தான் பேசுகிறீர்கள் போலிருக்கிறதே! அப்புறம் ஏன் ஆய்வு, சான்றிதழ் என்றால் கிண்டல்?

பழையகை: நடைவண்டி இழையில் நீங்கள் அழித்த பின்னூட்டத்தைக்கூடப் படித்திருக்கிறேன். எடுத்துப் போடட்டுமா?

மௌனராகம்: நான் கேட்டதற்கு இன்னும் யாரும்...

பழையகை: கொஞ்சம் இருங்கள். மூன்று நிமிடம் முடியட்டும்.