3டி கண்ணாடி: ஃபோனில் இரு படங்களும் ஒன்று சேரவில்லை, வழி சொல்லுங்கள்

வணக்கம் நண்பர்களே. என்னிடம் இருப்பது ஒவ்வொரு கண்ணுக்கும் ஒரு சிறு திரை உள்ள 3டி கண்ணாடி, யூஎஸ்பி-சி வழியாக இணைவது. சாதாரண மோடில் 1920×1080, 3டி மோடில் 3840×1080 (இடப் பாதி இடக் கண்ணுக்கு, வலப் பாதி வலக் கண்ணுக்கு). லேப்டாப்பில் டிஸ்ப்ளேவை எக்ஸ்டெண்ட் செய்து (கண்ணாடியைத் தனித் திரையாக்கி), இரு கண்ணுக்குமான படங்களைப் பக்கம் பக்கமாக (சைடு-பை-சைடு, அதாவது எஸ்பிஎஸ்) வைத்த ஸ்டீரியோ படத்தை முழுத்திரையில் திறந்தால் அருமையாக இருக்கிறது. இலை நுனியில் நிற்கும் நீர்த்துளிகூடத் தனியே முன்னால் தெரிகிறது.

சிக்கல் ஆண்ட்ராய்டு ஃபோனில்தான். அது திரையை மிரர் மட்டுமே செய்கிறது, அதாவது ஃபோன் திரையில் உள்ளதை அப்படியே காட்டுகிறது. 20:9 படம் 2400 பிக்சல் அகலத்தில் நடுவே நிற்க, இருபுறமும் 720 பிக்சல் கருப்பு. அதனால் ஒவ்வொரு கண்ணுக்கும் படம் 360 பிக்சல் மூக்குப் பக்கம் நகர்ந்துவிடுகிறது. அவ்வளவு தூரம் கண்ணைக் குவித்தால் இரண்டே நிமிடத்தில் வலி. மோடை மாற்றிப் பார்த்தாயிற்று, கேபிளையும் மாற்றியாயிற்று.

வேண்டியது இதுதான்: கண்ணாடியைத் தனி இரண்டாம் திரையாக எடுத்துக்கொண்டு 3840×1080 முழுவதையும் நிரப்பும் பிளேயர் எது? ஹாஃப் எஸ்பிஎஸ் (இரு படங்களும் பாதி அகலத்துக்குச் சுருக்கப்பட்ட) வீடியோவை அகலவாக்கில் இரு மடங்கு நீட்டவும், குறுக்குப்பார்வைப் படங்களில் (வெறுங்கண்ணைக் குவித்துப் பார்ப்பதற்காக இடம் வலம் மாற்றி வைத்தவை) இடம் வலம் மாற்றவும் வசதி வேண்டும். மாற்றாவிட்டால் ஆழம் தலைகீழாகிவிடும்.

கூடவே, ஐஃபோனின் எம்வி-ஹெச்இவிசி (இரு கண்ணுக்குமான காட்சிகளை ஒரே வீடியோவில் சேர்த்து வைக்கும் வடிவம்) ஸ்பேஷியல் வீடியோவை, அகலம் சுருக்காத முழு எஸ்பிஎஸ்ஸாக மாற்ற நீங்கள் பின்பற்றும் படிகளையும் எழுதுங்கள்.