மூதூர்ப் பகுதியில் ஒட்டிசமுள்ள பிள்ளைகள் எத்தனை பேர் என்று எப்படிக் கணிப்பது?

கொட்டியாரம்:
வணக்கம். மூதூர்ப் பக்கத்தில் முன்பள்ளி ஆசிரியையாக இருக்கிறேன். திருகோணமலை நகருக்கு அலையாமல் இங்கேயே வாரத்தில் ஒரு நாளாவது பேச்சுப் பயிற்சி கிடைக்க வேண்டும் என்று பெற்றோர் சிலருடன் சேர்ந்து விண்ணப்பம் எழுதுகிறோம். எத்தனை பேருக்கு என்பதே முதற்கேள்வியாக வரும். விசேட தேவையுடையோர் பதிவில் ஒட்டிசம் என்று குறிக்கப்பட்ட பெயர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. நூற்றுக்கு ஒருவர் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லிவந்த கணக்கைப் போட்டால், 6,000 பிள்ளைகள் உள்ள இடத்தில் 60 பேர் இருக்க வேண்டும். இவற்றில் எதை எழுதுவது?

தம்பலகாமம்:
ஆசிரியை அவர்களுக்கு, பதிவில் இருப்பது கண்டறியப்பட்டவர்களின் தொகை மட்டுமே. தென்கொரியாவின் கோயாங் நகரில், சேவை பெறுவோரிடம் நின்றுவிடாமல் சாதாரண பாடசாலைகளுக்குள்ளும் தேடி 2011இல் வெளியிட்ட ஆய்வில், 7 முதல் 12 வயதுவரையான பிள்ளைகளில் 2.64 சதவீதத்தினருக்கு ஒட்டிசம் இருப்பதாகக் கணித்தார்கள். அவர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினர் அதுவரை எவராலும் கண்டறியப்படாமல் சாதாரண வகுப்புகளில் இருந்தவர்கள். ஐக்கிய அமெரிக்காவில் 8 வயதினரிடையே 2000ஆம் ஆண்டில் 150 பேருக்கு ஒருவராக இருந்த கணக்கு 2022இல் 31 பேருக்கு ஒருவராக உயர்ந்ததற்கும், வரையறை விரிந்ததும் தேடல் கூடியதும் முக்கிய காரணங்கள்.

நிலாவெளி வாசகர்:
நம் இலங்கையிலேயே ஓர் ஆய்வு இருக்கிறது. 2009இல் வெளியான அதில், நகரை அண்டிய ஒரு பகுதியில் 18 முதல் 24 மாதம்வரையான 374 குழந்தைகளைப் பார்த்து, 93 பேருக்கு ஒருவர் என்று கண்டார்கள். அதாவது நான்கு குழந்தைகள். இவ்வளவு சிறிய தொகையில், உண்மை வீதம் ஏறக்குறைய 350 பேருக்கு ஒருவராகவும் இருக்கலாம், 37 பேருக்கு ஒருவராகவும் இருக்கலாம். உங்கள் 6,000 பேருக்கு இதைப் பொருத்தினால் சுமார் 20 முதல் 160 வரை வரும். அதைவிட முக்கியமாக நான் கருதுவது, அங்கே தாய்மாரிடம் கேட்கப்பட்ட எம்-சாட் என்ற, சிறு குழந்தைகளிடம் ஒட்டிச அறிகுறிகளைத் தேடும் வினாக்கொத்தின் கண்டறியும் திறன் 25 சதவீதமாகவே இருந்தது. நால்வரில் ஒருவரைத்தான் அது காட்டிக்கொடுத்தது. ஆகவே தாளைக் கொடுத்து நிரப்பி வாங்கும் கணக்கை நம்ப வேண்டாம்.

உப்புவெளி அக்கா:
அது ஏன் என்று ஒரு தாயாக எனக்கு விளங்குகிறது. "ஆம்பிளைப் பிள்ளை பிந்தித்தான் கதைப்பான்" என்று மாமியார் சொன்னதை நம்பி நானும் இரண்டு வருடம் காத்திருந்தேன். மூத்தவளின் கல்யாணப் பேச்சு கெட்டுவிடும் என்று பிள்ளையை வெளியே காட்டாத வீடுகளும் உண்டு. அமைதியாக ஒதுங்கியிருக்கும் பெண்பிள்ளையை எல்லோரும் அடக்கமானவள் என்று புகழ்வார்கள். அவள் எந்தக் கணக்கிலும் வரமாட்டாள். தங்கச்சி, குடும்ப நல உத்தியோகத்தரை உடன் அழைத்துச் செல்லுங்கள். முன்பள்ளிக்கு வராத பிள்ளையின் வீடும் அவருக்குத் தெரியும். நோயின் பெயரைச் சொல்லாமல், பெயர் சொல்லி அழைத்தால் திரும்பிப் பார்க்கிறதா, விரும்பியதை விரலால் சுட்டிக் காட்டுகிறதா என்று கேளுங்கள்.

கொட்டியாரம்:
நன்றி அக்கா, நன்றி ஐயா. பதிவிலுள்ள தொகையையும் 20 முதல் 160 வரையான மதிப்பீட்டையும் வேறுவேறாக எழுதி, அது எப்படி வந்தது என்பதையும் சேர்க்கிறேன். விண்ணப்பத்தில் சேவையோடு சேர்த்து, வீடுதோறும் பார்த்து, சந்தேகமுள்ள ஒவ்வொரு பிள்ளையையும் வைத்தியர் நேரில் பரிசோதிக்கும் ஒரு கணக்கெடுப்பையும் கேட்கப்போகிறோம்.